மாதா நின்ற கிழமை

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

ஏழு மணிக்குச் செபமாலை. அதே ஏழு மணிக்கு இத்தாலியில் உலகக் கிண்ண அரையிறுதி. இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும் ஆடுகின்றன. டொலறஸுக்குப் பதினொரு வயது. இந்த ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் மாதா நின்றார்.

ஊரின் மடுக் கோயில் மாதாவின் சுரூபம், ஒரு சின்னச் சிலை. இங்கிலாந்தில் குடியேறிய பதினெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பட்டியல் போட்டு, வீட்டுக்கு ஒரு கிழமையாக அதை வைத்துக் கும்பிட்டன. ஞாயிற்றுக்கிழமை எட்மண்டனிலிருந்து சூசைதாசன் காரின் முன் இருக்கையில் வைத்து, சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அடுத்த ஞாயிறு சவுத்தாலுக்குப் போகும். இந்தக் கிழமை ஃபாரஸ்ட் கேட்டில், மூன்றாம் மாடியில், டொலறஸின் தகப்பன் கஸ்பரின் வீட்டில்.

முன்னறையில் உயரமும் அகலமுமான இடம் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றுதான். தாய் பிலோமினம்மா அதன்மேல் வெள்ளைப் பின்னல் விரிப்பைப் போட்டு மாதாவை வைத்தார். விரிப்பு முன்பக்கம் தொங்கித் திரையை மறைத்தது. மாதா போகும்வரை ரிவி இல்லை என்று அன்றே சொல்லிவிட்டார்.

கஸ்பர் மெழுகுதிரிகளைக் கொளுத்தினார். அவருக்குப் பேக்கரியில் பின்னேர ஷிப்ட். அன்று போகவில்லை.

“மாதா வீட்டில நிக்கிறா எண்டுதான் லீவு கேட்டனான்,” என்றார். அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

“மாதா ஞாயிற்றுக்கிழமை வந்தவ,” என்றார் பிலோமினம்மா. “லீவு புதன்கிழமைக்கோ?”

கஸ்பர் தீக்குச்சியை ஊதி அணைத்தார்.

நால்வரும் முழங்காலில் நின்றார்கள். செபமாலை தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். எந்தத் தேவைக்காக அன்றைய செபத்தை ஒப்புக்கொடுக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்வது அந்த வீட்டு வழக்கம்.

“என்ர தம்பி பெனடிக்றுக்கு ஜேர்மனியில விசா கிடைக்க வேணும்,” என்றார் பிலோமினம்மா. ஞாயிறு முதல் இதையே சொன்னார். பெனடிக்றின் அகதி வழக்கு நாலு வருடமாக இழுபட்டது. வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை.

“எல்லாருக்கும் சுகம் வேணும்,” என்றார் கஸ்பர். அவர் பதினைந்து வருடமாக இதையே சொன்னார்.

“என்ர ஆடுற பல்லு விழ வேணும்,” என்றாள் அருள்மலர். டொலறஸின் தங்கை, ஆறு வயது.

“இங்கிலாந்து வெல்ல வேணும்,” என்றாள் டொலறஸ்.

பிலோமினம்மா திரும்பிப் பார்த்தார்.

“அது ஒரு கருத்தோ?”

“எதையும் மாதாவிட்டக் கேக்கலாமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

பிலோமினம்மா சிலுவை அடையாளம் போட்டார். தன் கருத்து ஏற்கப்பட்டதாக டொலறஸ் எடுத்துக்கொண்டாள்.

செபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பகுதி. முதல் பத்தைக் கஸ்பர் முன்சொன்னார். இரண்டாவதை அருள்மலர், பல்லை நாக்கால் தள்ளித் தள்ளிச் சொன்னாள். மூன்றாவது டொலறஸின் முறை. மூச்சு விடாமல் ஓடினாள். மற்றவர்கள் பாதி மறுமொழியில் இருக்கும்போதே அடுத்ததைத் தொடங்கினாள்.

“ஒன்பதுதான் சொன்னனீ,” என்றார் பிலோமினம்மா.

“பத்து.”

“ஒன்பது. முதலில இருந்து சொல்லு.”

டொலறஸ் தகப்பனைப் பார்த்தாள். கஸ்பர் தன் விரலிடுக்கில் இருந்த மணியைப் பார்த்தார்.

“ஒன்பதுதான் பிள்ளை,” என்றார் வருத்தத்தோடு.

நாலாவது பத்தில் கீழ் வீட்டிலிருந்து பெரிய கூச்சல் வந்தது. கஸ்பரின் மறுமொழி நடுவில் நின்றுவிட்டது. பிறகு கூச்சல் பெருமூச்சாக இறங்கியது. கோல் இல்லை. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மாதா பிரார்த்தனையும் முடிய ஏழே முக்கால் ஆயிற்று. டொலறஸ் எழும்பவில்லை.

“அம்மா, மாதா எங்கட வீட்டுக்கு என்னவா வந்திருக்கிறா?”

“விருந்தாளியா.”

“சூசைதாசன் அங்கிள் வந்தா என்ன செய்வீங்கள்?”

“தேத்தண்ணி குடுப்பன்.”

“பிறகு?”

பிலோமினம்மா செபமாலையைச் சுருட்டத் தொடங்கினார்.

“பிறகு ரிவி போடுவீங்கள். ஆர் வந்தாலும் போடுவீங்கள். வந்த ஆக்கள் சும்மா இருக்கினம் எண்டு அப்பாவை ஏசி ஏசிப் போடுவீங்கள்.”

கஸ்பர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

“மாதாவை அசைக்க ஏலாது,” என்றார் பிலோமினம்மா.

“அசைக்க வேண்டாம்.”

பிலோமினம்மா சுரூபத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, விரிப்பின் முன்பக்கத்தை இரண்டு மடிப்பாக மடித்து, ஊசி குத்தினார். திரை முழுதாகத் தெரிந்தது. மெழுகுதிரிகளைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார்.

“சத்தத்தைக் குறைச்சுப் போடுங்கோ,” என்றார். “அவவுக்குக் கீழதான் நடக்குது.”

இரண்டாம் பாதி தொடங்கியது. மாதாவின் பாதத்தடியில் சின்னச் சின்ன மனிதர்கள் ஓடினார்கள். பிலோமினம்மா கறிக்கு வெங்காயம் வெட்டப் போனார். கத்தியோடு கதவடியில் வந்து நின்றார். திரும்பிப் போனார். திரும்பவும் வந்தார்.

ஜேர்மனி அடித்த பந்து ஒரு இங்கிலாந்துக்காரரின் காலில் பட்டு மேலே எழும்பி, கோல் காவலரின் தலைக்கு மேலால் உள்ளே விழுந்தது. டொலறஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. பெனடிக்ற். குரல் அறை முழுதும் கேட்டது.

“அக்கா, பாத்தனீங்களே?”

“நான் ஆட்டம் பாக்கிறேல்ல,” என்றார் பிலோமினம்மா. திரைக்கு நேர் முன்னால் நின்றிருந்தார்.

“இஞ்ச காம்பில மேசையில ஏறி நிக்கிறாங்கள். வார்டன் என்னைக் கட்டிப்பிடிச்சவர். நாலு வருசத்தில முதல் தரம். நாங்கள் வெண்டால், வெள்ளிக்கிழமை அந்த நீதவானும் நல்ல மனசோட வருவார் அக்கா.”

டொலறஸ் ரிசீவரைப் பறித்தாள்.

“மாமா, நீங்கள் ஜேர்மனிக்கோ?”

“பின்ன? சோறு போடுற நாடு.”

“நான் மாதாவிட்டச் சொல்லிப்போட்டன்.”

“நானும் சொல்லிப்போட்டன். இஞ்சயும் கோயில் இருக்கு.”

டொலறஸ் ரிசீவரைத் தாயிடம் கொடுத்தாள். பிலோமினம்மா தம்பியிடம் கோட் கிடக்கிறதா, வெள்ளிக்கிழமைக்குச் சட்டை அழுத்தியாயிற்றா என்று கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார். வெங்காயத்திடம் திரும்பிப் போகவில்லை. சோபாவின் கைப்பிடியில் இருந்தார்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது இங்கிலாந்து கோல் அடித்தது. கஸ்பர் துள்ளி எழும்பினார். அவருடைய முழங்கை அருள்மலரின் வாயில் பட்டது. கீழ் வீடும் மேல் வீடும் தெருவும் ஒன்றாகக் கத்தின. அருள்மலர் மட்டும் கத்தவில்லை. கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் பல் இருந்தது.

“மாதா தந்திட்டா,” என்றாள்.

“பாத்தீங்களே அம்மா?” என்றாள் டொலறஸ். “ஒண்டு முடிஞ்சுது. அடுத்தது என்ர.”

மேலதிக நேரமும் முடிந்தது. ஒன்றுக்கு ஒன்று. இனிப் பெனல்ரி.

“அதென்ன?” என்று கேட்டார் பிலோமினம்மா.

“ஒவ்வொரு பக்கமும் ஐஞ்சு தரம் அடிக்கும்.”

“ஐஞ்சோ.”

பிலோமினம்மா எழுந்து, கை கழுவி, செபமாலையை எடுத்துவந்து முழங்காலில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். கருத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

அம்மாவின் செபத்தில் டொலறஸுக்கு நம்பிக்கை இருந்தது. அம்மா கேட்டு மாதா மறுத்ததாக அவள் அறியவில்லை. முதல் மூன்றும் இரண்டு பக்கமும் உள்ளே போயின. அவள் பயப்படவில்லை. இங்கிலாந்தின் நாலாவது அடி, காவலரின் காலில் பட்டுத் திரும்பியது. ஜேர்மனியின் நாலாவது உள்ளே போனது. அவள் தாயின் விரல்களைப் பார்த்தாள். மணிகள் நகர்ந்துகொண்டிருந்தன. இங்கிலாந்தின் ஐந்தாவது அடி, கம்பத்துக்கு மேலால், மிக உயரத்தில் போனது.

கீழ் வீட்டில் சத்தமே இல்லை.

கஸ்பர் தொலைக்காட்சியை அணைத்தார். மாதா அப்படியே நின்றார். மெழுகுதிரி ஒன்று முடிந்திருந்தது.

தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. யாரும் எடுக்கவில்லை. யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிலோமினம்மா கண்ணைத் திறந்து சிலுவையை முத்தமிட்டார். செபமாலையைச் சின்னப் பெட்டியில் சுருட்டி வைத்தார். யார் வென்றது என்று கேட்கவில்லை. ஊசியைக் கழற்றி விரிப்பை மெல்ல இறக்கிவிட்டு, சுருக்கங்களைக் கையால் நீவினார்.

டொலறஸ் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, நீங்கள் ஆரின்ர கருத்துக்குச் செபம் சொன்னனீங்கள்?”