தூரம் மட்டும் கேட்டவர்

ஊரே 'கால்குலேட்டர்' என்று கூப்பிடும் அத்தான், அவளுடைய அக்கா கணவர், ஏழு வருஷமாக மிதிக்காத படியேறி அவளுடைய விமான டிக்கெட் கடைக்கு வந்து உட்கார்ந்தார். பாசம் இழுத்து வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற கடைகளைவிட இங்கே விலை குறைவு.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெளியூரில் வேலையிலிருந்தவளுக்குப் போன் செய்து, "இன்னும் நாள் இருக்கு, மெதுவா வா" என்றவர் இவர்தான். அவள் மெதுவாக வந்தாள். அப்பா போயிருந்தார். அவருடைய தையல் மெஷின் கடை அக்கா பேருக்கு, அதாவது அத்தான் கைக்கு, மாறியிருந்தது. அன்று நெஞ்சில் பற்றிய அடுப்பை அவள் இன்னும் அணைக்கவில்லை.

"மெஷின் கம்பெனிக்காரங்க புதன்கிழமை காலையில பத்து மணிக்கு அவங்க ஊர்ல ஏலம் விடுறாங்க. நம்ம பக்கம் முழுக்க விக்கிற உரிமை. நேர்ல போய் நிக்கணும். வேறெவனாவது எடுத்துட்டா என் கடையில விக்க மெஷினே இருக்காது" என்றார்.

"போய்ச் சேர்ற நேரம் பார்த்துச் சொல்லட்டா அத்தான்?"

"விக்கிறவங்க போடற கணக்கை நான் கேக்கறதில்ல. தூரம் எவ்வளவு, அதை மட்டும் சொல்லு."

துணிக்கடையில்கூடத் தன் கையால் அளந்த மீட்டரைத்தான் நம்புவார்.

"பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்."

பொத்தானைத் தட்டினார். "மணிக்குத் தொள்ளாயிரம்னு வெச்சா பதிமூணு மணி நேரம், சொச்சம். செவ்வாய் சாயங்காலம் ஆறுக்கு ஏறினா புதன் காலை ஏழரைக்கு இறங்கிடலாம். குளிச்சிட்டே போகலாம்."

கணக்கு சுத்தம். ஆனால் அது இந்த ஊர்க் கடிகாரத்தின் கணக்கு. அந்த ஊர் கிழக்கே எங்கோ கிடக்கிறது. இங்கே காலை ஏழரை என்றால் அங்கே பிற்பகல் மூன்று. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் உலகம் எழுந்து பல் தேய்க்கிறது என்று நம்புகிறவருக்கு அது எப்படித் தோன்றும்?

திங்கட்கிழமை விமானத்தில் இடம் இருந்தது. அவள் கண்ணெதிரே திரையில் பச்சையாகத் தெரிந்தது.

"வேற ஏதாச்சும் நான் தெரிஞ்சுக்கணுமா?" என்றார் அத்தான்.

அக்காவின் முகம் வந்து போனது. நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள்.

"சாப்பாடு சைவமா, அசைவமா?"

இறங்கும் நேரம் டிக்கெட்டில் தெளிவாகவே இருந்தது. அவர் விலையை மட்டும் மூன்று தடவை பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார்.

புதன்கிழமை அவள் கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"கதவு சாத்திக் கெடக்கு. ஏலம் காலையிலேயே முடிஞ்சுதாம். இங்க இப்ப சாயங்காலமாம். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் அத்தான்."

"ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொல்லத்தான் வந்தேன். விக்கிறவ கணக்கு வேண்டாம்னீங்க."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மீதியைக் காது குளிரக் கேட்டாள்.

"கடை போச்சு. உங்கக்கா நாளைக்குச் சோத்துக்கு என்ன பண்ணுவா?"

"அக்காவை இங்க அனுப்புங்க. கல்லாவுல உட்கார ஆள் தேடிக்கிட்டுதான் இருக்கேன். அங்க இருக்கறது ஒரே நாற்காலி, நீங்க வரவேண்டாம்."