காபி தீய்வதற்கு ஏழு காரணங்கள்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. காபித்தூள் பாக்கெட்டுக்குள் மடித்து வைக்க ஒரு பக்கத்துக்குத் துண்டறிக்கை வேண்டுமென்று மேனேஜர் கேட்டார். தலைப்பும் அவரே கொடுத்தார்: "வீட்டு டிரிப் மெஷினில் காபி ருசி கெட்டால் என்ன செய்வது?" அந்தக் கம்பெனியில் நான் தலைமை ருசிபார்ப்பாளர். பதினாறு வருடமாகக் காபியை உறிஞ்சித் துப்பிச் சம்பளம் வாங்குகிறவள். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்ற மிதப்பில்தான் ஞாயிறு காலை பேனாவை எடுத்தேன்.

முதல் வாக்கியம்: "காபி கெட்டால் குற்றம் காபியின் மேல் இல்லை, மெஷினைக் கழுவாத சோம்பேறிக் கையின் மேல்..."

(கைவிட்டேன். வாடிக்கையாளரைத் திட்டக் கூடாதாம்.)

2.

இன்னொரு தொடக்கம். சொட்டுச்சொட்டாக வடிக்கிற எங்கள் வீட்டு மெஷின் காபியிலேயே மூன்று மாதமாகத் தீய்ந்த வாடை. ஆகவே அதைச் சரிசெய்துகொண்டே எழுதினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன். ஏழு காரணங்களை வரிசையாக எழுதினேன். உள்ளே படிந்த உப்பு, பழைய தூள், மாவாக அரைத்த தூள், அளவு தவறியது, கெட்ட தண்ணீர், மட்டமான வடிதாள் (மெஷினில் வைக்கிற பில்டர் பேப்பர்), வடிந்த காபியைச் சூட்டுத்தட்டிலேயே வெகுநேரம் விட்டுவைப்பது.

வினிகர் கலந்த தண்ணீரை உள்ளே ஓடவிட்டேன். பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர். புதுத் தூள், புது வடிதாள், கேன் தண்ணீர், தராசில் நிறுத்த அளவு. வடிந்ததும் ஜாடியைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டேன். குடித்தேன். தீய்ந்த வாடை அப்படியே இருந்தது.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: வினிகர் வாடை போக இரண்டு முறை போதும். இந்தக் கதையில் வாசகருக்கு உறுதியாகப் பயன்படப்போவது இது ஒன்றுதான்.]

3.

இனி என் வீட்டுக்காரர் வர வேண்டும். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். லிப்ட் மெக்கானிக், கோபமே வராதவர், மூன்று மாதமாகப் பெண்டாட்டி காபியைத் திட்டும்போதெல்லாம் "நல்லாத்தானே இருக்கு" என்று மட்டும் சொன்னவர். நம்புவீர்களா? ஒரு வரைவில் அவரைச் சிடுமூஞ்சியாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஆகவே நிஜத்தில் இருக்கிறபடியே விட்டுவிட்டேன். அவர் நாக்கை நான் ஒருநாளும் மதித்ததில்லை. சூடாக இருந்தால் எதையும் குடித்துவிடுகிற மனுஷன்.

அன்றைக்கு அவர் என் ஏழு காரணங்களைப் படித்தார். லிப்ட் நின்றுபோனால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றக் கூடாது, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும் என்றார். துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று கப் வைத்தார்.

முதல் கப் தீய்ந்திருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதை உறிஞ்சிவிட்டுச் சொன்னேன்.

"இதுவும் தீய்ஞ்சுதான் இருக்கு. ஆனா நீர்த்துப்போச்சு. தூளைக் குறைச்சிட்டீங்க."

துண்டை அவிழ்த்தேன். மூன்றாவது கப்பின் அடியில் இருந்த நீலப் பூ பளிச்சென்று தெரிந்தது.

"மொதல் கப் நம்ம மெஷின் காபி. ரெண்டாவது கீழ்க்கடையில வாங்கினது, நீ முன்ன புகழ்ந்துட்டே இருந்த காபி," என்றார். "மூணாவதுல தூளே போடல. கெட்டில்ல கொதிக்கவச்ச தண்ணி. மெஷின் பக்கமே போகல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் குடித்தேன். தீய்ந்திருந்தது. பல் தேய்த்துவிட்டுக் குடித்தேன். தீய்ந்திருந்தது. நாளெல்லாம் காபி உறிஞ்சுகிற வாய், அதன் மிச்ச வாடை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு சளிக்காய்ச்சல் வந்ததே, இரண்டு நாள் லீவு போட்டேனே, அதற்குப் பிறகுதான் எல்லாம். நான் பயந்தது வேலை போய்விடுமே என்பதால் மட்டும் இல்லை.

4.

இந்த இடத்தில் கட்டுரை மாதிரி கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும்.

எங்கள் ருசி மேசையில் ஒரு வழக்கம். நான் துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்லும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் மற்ற இருவர் ருசிபார்ப்பார்கள். நான் "தீய்ந்திருக்கிறது" என்றால் அவர்களும் உறிஞ்சிவிட்டு, ஆமாம், லேசாகத் தெரிகிறது என்பார்கள். பதினாறு வருடமாக அதை ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன் வரிசையாகப் பதினோரு காபிக்கொட்டை வறுவலைத் தீய்ந்தது என்று தள்ளுபடி செய்தேன். வறுவல் மாஸ்டரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் வறுவல் டிரம் பக்கத்தில் நின்றவர், கொட்டை வெடிக்கிற சத்தத்தை வைத்தே பதம் சொல்கிறவர். பதினோரு வறுவலும் தீய்ந்தது என்ற தாளில் கீழே இருப்பது என் கையெழுத்து.

"அவர் போகும்போது என்னைப் பார்த்த பார்வையில்..."

(கைவிட்டேன். அவர் போகும்போது நான் பார்க்கவேயில்லை. டீ இடைவேளைக்குப் போயிருந்தேன்.)

5.

முடிவுகளை யோசித்தேன். முதல் முடிவில் மருந்து சாப்பிட்டு என் நாக்கு திரும்புகிறது, யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. இரண்டாவதில் மாஸ்டருக்கு வேறு கம்பெனியில் இதைவிட நல்ல வேலை கிடைத்துவிடுகிறது, என் குற்றம் தானாகக் கரைகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவருக்கு போன் போட்டேன்.

இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருக்கிறாராம். பகல் வேலைதான், கஷ்டமில்லை என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். நான் சுற்றிவளைக்கவில்லை.

"மாஸ்டர், உங்க வறுவல்ல ஒரு தப்பும் இல்ல. என் நாக்குதான் கெட்டுப்போச்சு. வெந்நீரே எனக்குத் தீய்ஞ்சுதான் இருக்கு."

திட்டட்டும் என்று காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"இல்ல மேடம்," என்றார். "நீங்க சொன்னதுக்கப்புறம் வீட்ல நான் போடற காபியும் தீய்ஞ்ச வாடைதான் அடிக்குது. இத்தனை வருஷமா எனக்கே தெரியாம இருந்திருக்கு பாருங்க. என்மேல இரக்கப்பட்டு உங்க வேலைய கெடுத்துக்காதீங்க."

எவ்வளவோ சொன்னேன். நம்பவில்லை. என் நாக்கை அவர் அவ்வளவு நம்பினார். அந்த மனிதரிடமிருந்து வேலையை மட்டும்தான் பிடுங்கினேன் என்று நினைத்திருந்தேன். அவருடைய நாக்கையும் பிடுங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய். போனை வைத்ததும் ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. பாதிக்கப்பட்டவரே வேண்டாம் என்கிறார், நமக்கென்ன வந்தது என்று. அந்த நிம்மதியைக் கண்டு ஆடிப்போன அளவுக்கு, வெந்நீர் தீய்ந்திருந்தபோதுகூட நான் ஆடிப்போகவில்லை.

6.

திங்கட்கிழமை. மேனேஜர் அறை வாசலில் நிற்கிறேன். இடது கையில் ஏழு காரணங்கள், சுத்தமாகத் தட்டச்சு செய்தது. வலது கையில் இதுவரை நீங்கள் படித்த ஐந்து பகுதிகள். பதினோரு வறுவலையும் மறுபடி ருசிபார்க்க வேண்டும், நான் அந்த மேசையில் இருக்கக் கூடாது என்று அடியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். அவர் நிமிர்ந்து பார்த்து, கொண்டு வந்தீர்களா என்று கேட்டுக் கையை நீட்டுகிறார்.

எந்தத் தாளைக் கொடுத்தேன் என்று நான் எழுதப்போவதில்லை. முடிவை வாசகரிடம் விடுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம்தான். ஆனால் நான் விடுவது அதற்காக இல்லை. உங்களிடம் விட்டால் என்னை நல்லவளாகவே முடித்துவைப்பீர்கள் என்று தெரியும்.

அப்படி முடிக்காதீர்கள். முதலில் மாஸ்டரிடம் போய் அவர் போட்ட காபியைக் குடித்துப் பாருங்கள். எப்படி இருக்கிறது என்று நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவர் நம்பமாட்டேன் என்கிறார்.