இறங்காதே டாட் பின்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் அம்மாவோடு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஜாக்குலினுக்கு அந்தப் போன் வந்தது.

“ஜாக்கி, உன் கேம் ஓடல. ஒரு கட்டு டிஸ்க்க வேஸ்ட் பண்ணிட்டேன். ஒடனே கெளம்பி வா.”

பேசியவன் ஜானகிராமன். பாலிடெக்னிக்கில் அவளோடு ஒரே வகுப்பு. அதற்கும் முன்னால் ஒரே ஊர். ஒரே ஊர் என்றால், அவன் ஊர்த்தெரு, இவள் காலனி. நம் நாட்டில் அதையும் ஒரே ஊர் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். இப்போது மாமல்லபுரத்தில் ஒரு மாடியில் காப்பிக் கடை வைத்திருக்கிறான். காப்பி குடிக்க வருகிறவர்கள் பழைய ப்ளேஸ்டேஷனில் விளையாடிவிட்டுப் போகலாம். அதுதான் கடையின் விசேஷம்.

 அன்று சாயங்காலம் நாலு மணிக்கு, உள்ளூர்க்காரர்கள் செய்த கேம்களை அவன் கடைப் பெரிய டிவியில் போடப்போவதாக ஏற்பாடு. ‘கேம்கள்’ என்று போஸ்டரில் போட்டிருக்கிறதே தவிர, வந்தது ஒன்றே ஒன்று. இவளுடையது.

செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போட்டுவிட்டு வந்து, மிச்ச நேரத்தையெல்லாம் போட்டு அவள் செய்த கேம் அது. பழைய ப்ளேஸ்டேஷனில் மட்டும்தான் ஓடும். போனில் ஓடுகிற மாதிரி செய்யக்கூடாதா என்று கேட்காதவர்கள் பாக்கி இல்லை. சின்ன வயசில் ஜானகிராமன் வீட்டில் அந்தப் பெட்டி இருந்தது. இவள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பெட்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்து காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. வீம்புக்கெல்லாம் காரணம் கேட்கக் கூடாது.

கேமில் ஒரு பெண் லேடீஸ் சைக்கிளில் ஒரு தெருவைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் சைக்கிள் ஓடும். விரலை எடுத்தால் இறங்கிவிடுவாள். இறங்கினால் ஆட்டம் முடிந்தது. வழியில் நாய் துரத்தும், மாடு மறிக்கும். தெருமுனையில் நாற்காலி போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான். ‘எறங்கு’ என்பான். கிட்டே போகப் போகச் சத்தம் கூடும், கையிலிருக்கும் கன்ட்ரோலர் கிடுகிடுவென்று அதிரும். அப்போதும் விரலை எடுக்கக் கூடாது. கேமின் பேர் ‘இறங்காதே’.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். படாளத்திலிருந்து உள்ளே போகிற வழியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு எங்கே வைத்தாலும் பொருந்தும். காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஊர்த்தெரு ஒன்றுதான் வழி. காலனி ஆள் சைக்கிளில் வந்தால் தெரு ஆரம்பத்தில் இறங்கி, தள்ளிக்கொண்டு போய், தெரு முடிந்த பிறகு ஏற வேண்டும். அதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது. சட்டம் இருந்தால் கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே.

ஜாக்குலினின் அம்மா மார்கரெட் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப் போட அந்த வழியாகத்தான் போனாள். வேலையை விட்டு, செங்கல்பட்டுக்குக் குடி வருகிற வரைக்கும் தினமும் இறங்கினாள், தினமும் தள்ளினாள். கேமில் சைக்கிள் ஓட்டுகிறவள் அவள்தான். அதை ஜாக்குலின் அம்மாவிடம் இதுவரை சொல்லவில்லை. பெரிய திரையில், நாலு பேர் முன்னால், அவளே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஆசைப்பட்டு வைத்திருந்தாள். அந்த ஆசையில்தான் இப்போது மண் விழுந்திருக்கிறது.

“ம்மா, ஏறு வண்டில. மாபலிபுரம் போறோம்.”

“இப்பவேவா? நாஸ்தா கூட துன்னலயேடி.”

“போற வழில துன்னுக்கலாம். ஏறும்மா.”

திருக்கழுக்குன்றத்தில் ஆளுக்கு இரண்டு இட்லியைப் போட்டுக்கொண்டு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, மத்தியானம் திறக்கிற கடை இன்னும் திறக்கவில்லை. ஜானகிராமன் மட்டும் உள்ளே இருந்தான். மேஜைமேல் வீணாய்ப்போன டிஸ்க்குகள் அப்பளம் மாதிரி பரந்து கிடந்தன.

“வாங்கம்மா, உக்காருங்க,” என்றான் மார்கரெட்டிடம்.

ஊரில் அவன் வீட்டில் அவளை ‘வாங்க’ என்று சொன்னவர்கள் யாரும் இல்லை. இது கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிற வாங்கம்மா. இருந்தாலும் வாங்கம்மா வாங்கம்மாதான். கடையில் இருந்ததெல்லாம் நெட்டை ஸ்டூல்கள். ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. “பரவால்ல தம்பி, நீங்க வேலயப் பாருங்க, நா நிக்கறேன்,” என்று மார்கரெட் சுவரோரமாக ஒதுங்கினாள். மகள் வயசுப் பையனை ‘நீங்க’ என்றுதான் அவளுக்குக் கூப்பிட வரும். அவன் தொட்டிலில் கிடந்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள்.

“இன்னாதான் பண்ணுது?” என்றாள் ஜாக்குலின்.

“டிஸ்க்ல நல்லா ரைட் ஆவுது, நூறு பர்சென்ட் காட்டுது. பொட்டில போட்டா, டிஸ்க் போடு டிஸ்க் போடுன்னு கேட்டுகினே கீது. கடல் பக்கம் இல்ல? உப்புக் காத்து லென்ஸ்ஸ அரிச்சிட்ச்சின்னு நெனைக்கறேன்.”

ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல். ஜாக்குலின் அவன் விலைக்கு வாங்கி வைத்திருந்த ஒரிஜினல் கேம் டிஸ்க் ஒன்றைப் பெட்டியில் போட்டாள். ஓடியது. ஆக, லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அவன் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வைத்திருந்த வேறு கேம் ஒன்றைப் போட்டாள். அதுவும் ஓடியது. ஆக, காப்பி டிஸ்க்கைப் படிப்பதற்காகப் பெட்டிக்குள் வைத்த சிப்பும் வேலை செய்கிறது. ரொம்ப வேகமாக எழுதினால் பழைய பெட்டிகள் படிக்காது என்பது அவளுக்குத் தெரியும். “இன்னா ஸ்பீடுல எழுதுன?” என்று கேட்டாள்.

“இருக்கறதுலயே ஃபாஸ்ட்டு. வேல முடியணும் இல்ல?”

“அறிவு கீதா உனக்கு? மெதுவா எழுதுன்னு தல தலயா அடிச்சிகினேனே!”

கண்டுபிடித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வேகம் தப்பென்றால் படம் திக்கித் திக்கியாவது வரும். இது ஒரேயடியாக டிஸ்க்கே இல்லை என்கிறது. சந்தேகம் தீரவில்லை. கெட்டுப்போன டிஸ்க் ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, உள்ளே என்னதான் இருக்கிறது என்று திறந்து பார்த்தாள்.

உள்ளே ஒரே ஒரு ஃபைல். அதன் பேர் ‘சைக்கிள் ராணி’.

அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். “ஜானகி, இது இன்னா?”

“உன் கேம் தான்.”

“பேரு?”

ஜானகிராமன் காப்பி மெஷினைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. “கேம்ல கைய வெக்கல ஜாக்கி, பேரு மட்டும்தான். ஃபேமிலிங்க வர்ற எடம். சைக்கிள் ராணி நல்லாதானே கீது?”

“பேர மாத்துன. அப்பறம் இன்னா பண்ண?”

“நீ ரெண்டு ஃபைலு அனுப்புனியே, பெரிசு ஒண்ணு சின்னது ஒண்ணு. சின்னத அமுக்கி ரைட் பண்ணுன்னு சொன்ன. அமுக்குனா, ஃபைலக் காணோம்னு எர்ரர். அதான் அத்த வுட்டுட்டு, பெரிச மட்டும் இழுத்து டிஸ்க்ல போட்டேன்.”

வீட்டைக் கட்டு என்றால், வீட்டுப் படத்தைச் சுருட்டி மனையில் புதைத்துவிட்டு வந்திருக்கிறான். பெரிய ஃபைலை அப்படியே தூக்கி டிஸ்க்கில் வைத்தால் அது வெறும் மூட்டை. சின்ன ஃபைல் சொல்கிறபடி பிரித்து எழுதினால்தான் கேம். ஜாக்குலின் அந்தச் சின்ன ஃபைலைத் திறந்தாள். உள்ளே மூன்றே வரி. முதல் வரியில் பெரிய ஃபைலின் முழுப்பேர், அவள் தட்டி வைத்தபடியே, ஆங்கில எழுத்தில் நின்றது: இறங்காதே டாட் பின்.

வெளியே அவன் பேரை மாற்றிவிட்டான். உள்ளே அந்த மூன்று வரி பழைய பேரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பேருக்கு யாரும் ஏன் என்று கேட்காததால் கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. இத்தனை கோபத்திலும் ஜாக்குலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜானகிராமன் எட்டிப் பார்த்தான். “அப்ப அந்த வரிலயும் சைக்கிள் ராணின்னு போட்டுட்டா எழுதிடுமா?”

“எழுதிடும்.” பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“டிவில?”

“டிவில நா எழுதுனதுதான் வரும். மூட்ட மேல சக்கரன்னு எழுதி வெச்சா உள்ள கீற உப்பு இனிக்குமா?”

அவன் முகம் சுண்டிப்போனது. “அப்ப அத்தயும் மாத்திக் குடு ஜாக்கி. மாமா வர்றாரு. இந்த மாடியே அவுர்து. நீ போன்ல காட்டுனியே, அந்த நாற்காலி ஆளு முனிசாமி மாமாதான்னு பாத்தவொடனே எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.”

“அந்த ஆளுக்கு மூஞ்சியே கெடையாது. மூஞ்சின்னு பத்துப் புள்ளி வெச்சிகீறேன். பத்துப் புள்ளில உங்க மாமான்னு உனக்கு எப்டித் தெரிஞ்சிது?”

 எல்லோரும் சொல்வதையே அவனும் சொன்னான். “இப்பல்லாம் யாரு அப்டிப் பண்றாங்க?”

“பண்லன்னா பேரப் பாத்து எதுக்கு பயப்பட்ற?”

அப்போதுதான் சுவரோரமாக நின்றிருந்த மார்கரெட் பேசினாள். “பேரு தானேடி. மாத்திக் குட்த்துட்டு வா. அவங்க எடம். எதுக்கு வம்பு?”

ஜானகிராமன் கெஞ்சியபோது வராத அழுகை, அம்மா சொன்னதும் ஜாக்குலினுக்கு முட்டிக்கொண்டு வந்தது. இறங்கி இறங்கிப் பழகிய கால், இங்கேயும் முதல் ஆளாக இறங்கப் பார்க்கிறதே என்று பொறுக்கவில்லை. அம்மாமேல் கோபமா, அந்தத் தெருமேல் கோபமா என்று பிரிக்கத் தெரியாமல் கத்தினாள். “முடியாதும்மா! வேற எத்த வோணா கேளு. இந்தப் பேர மட்டும் வுடமாட்டேன்.”

கத்திவிட்டு, கெட்டியாக உட்கார்ந்தாள். பெரிய ஃபைலின் பேரை அழித்து, எழுத்து எழுத்தாக இறங்காதே என்று திரும்பத் தட்டினாள். சின்ன ஃபைலை அமுக்கினாள். எர்ரர் வரவில்லை. இருப்பதிலேயே மெதுவான வேகத்தை வைத்து எழுதவிட்டாள்.

“எழுதிக்கோ. நாலு மணிக்கு நா போடமாட்டேன்,” என்றான் ஜானகிராமன்.

“நீ போடாத. நா போட்டுக்கறேன்.”

டிஸ்க் வெளியே வந்ததும் மார்க்கர் பேனாவால் அதன் நெற்றியில் பட்டையாக இறங்காதே என்று எழுதினாள். பெட்டியில் போட்டு மூடியைச் சாத்தினாள். டிஸ்க் சுழல்கிற சத்தம் கேட்டது. திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது.  பிறகு கரகரவென்று ஒரு சைக்கிள் மணி அடித்தது.

‘இறங்காதே’ என்று பேர் வந்தது. தெரு வந்தது. தண்ணித் தொட்டி வந்தது. மாம்பழக் கலர் புடவையில் ஒருத்தி சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள். ஹேண்டில்பாரில் பச்சையும் சிவப்பும் கட்டம் போட்ட வயர்கூடை தொங்கியது.

மார்கரெட் சுவரை விட்டு வந்தாள். டிவிக்கு வெகு பக்கத்தில் போய் நின்றாள். “அது என் கூடடி,” என்றாள்.

ஜாக்குலின் தலையை ஆட்டினாள். 

“இதுல எறங்காம போலாமா?”

“எறங்காமதான்ம்மா போணும்.”

 மார்கரெட் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த நெட்டை ஸ்டூலில் ஒரு காலை ஊன்றி ஏறி உட்கார்ந்தாள். மகள் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்து, பட்டனைக் காட்டினாள்.

நாய் வந்தது, தாண்டினாள். மாடு வந்தது, தாண்டினாள். நாற்காலி ஆள் ‘எறங்கு’ என்றதும், கட்டைவிரல் தானாகவே மேலே வந்துவிட்டது. திரையில் அந்தப் பெண் இறங்கித் தலைகுனிந்து நின்றாள். யாராவது சொல்லிக்கொடுத்து வருகிற பழக்கமா அது? மார்கரெட் தன் விரலைத் தானே வெறித்துப் பார்த்தாள். “சீ,” என்றாள் விரலைப் பார்த்து. மறுபடி ஆரம்பித்தாள்.

மறுபடி இறங்கினாள். மறுபடி ஆரம்பித்தாள். கடை திறந்தது, ஆட்கள் வந்தார்கள். புதுப்பட்டினத்திலிருந்து குடும்பமாக வந்தவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கடற்கரைக்கு வந்த வழியில் போஸ்டரைப் பார்த்துவிட்டு ஏறியவர்கள். எல்லோரும் அவள் பின்னால் நின்றார்கள். ஒவ்வொரு தடவை அந்தப் பெண் இறங்கியபோதும் கூட்டம் ‘ச்ச’ என்றது. “வுடாதீங்கம்மா, அந்தாள பாக்காதீங்க, ரோட்ட மட்டும் பாருங்க!” என்று யாரோ கத்தினார்கள்.  இதில் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க ஜாக்குலினிடம் எதுவும் இல்லை.

நாலு மணியும் ஆயிற்று. ஜானகிராமன் போனும் கையுமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். வேர்த்து விறுவிறுத்திருந்தது.

“மாமா வந்துட்டாரு. கீழ கார வுட்டுகினு கீறாரு. போதும்மா.” குனிந்து, அவள் காதோரமாகச் சொன்னான். “எறங்குங்க.”

அதே நேரத்தில் திரையிலும் அந்த ஆள் வாயைத் திறந்தான். கன்ட்ரோலர் அதிர ஆரம்பித்தது. மார்கரெட்டின் கை, தோள், கழுத்து எல்லாம் அதோடு சேர்ந்து நடுங்கியது. விரல் நகம் வெளுத்துப்போயிற்று. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எறங்கமாட்டேன்,” என்றாள். “நீ வோணா போயி அவர மேல வரச் சொல்லு.”

படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. மார்கரெட்டின் சைக்கிள் நாற்காலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.