தானாகச் செத்தவை

செங்கம் ரோட்டுப் புளியமரத்தை வெட்டியபோது பொந்திலிருந்து ஒரு சிலந்தி வெளியே வந்தது. உள்ளங்கை அகலம். முன்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. கால்களின் அடியில் பளீரென்ற மஞ்சள். மரம் வெட்டியவர்கள் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள்.

குசுமாவதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். உயிரியல் டீச்சர். அவள் கிட்டே போவதற்குள் சிலந்தி கருகிவிட்டது. பொந்துக்குள் குஞ்சுகள் இருந்தன. காலி டிபன் பாக்ஸில் இலையால் தள்ளி எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் வீட்டுக்கு வந்தாள்.

அது எண்பத்து நாலாம் வருஷம். ரோட்டை அகலப்படுத்த இன்னும் பல மரங்களுக்கு நம்பர் போட்டிருந்தார்கள். குஞ்சுகளை வளர்த்து, ஊரை ஒட்டிய மலைக்குப் பின்பக்கம் உள்ள புளியமரங்களில் விடுவது என்று முடிவு செய்தாள். அங்கே ரோடு வராது.

ஒன்றாக விட்டால் பெரியது சின்னதைத் தின்றுவிடலாம். அதனால் குஞ்சுக்கு ஒரு மாத்திரை பாட்டில். மூடியில் சூடான ஊசியால் துளை. உள்ளே மரப்பட்டை ஒன்று, செங்குத்தாக. இவை தரையில் வாழ்பவை அல்ல. பட்டைக்குப் பின்னால் உயரத்தில் வலை பின்னி ஒளிந்துகொண்டன. பக்கத்துக் காலி மனையில் சின்ன வெட்டுக்கிளிகளைப் பிடித்து வந்து ஆளுக்கு ஒன்றாகப் போட்டாள். உயிரோடு.

அவர்கள் ஜைனக் குடும்பம். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பவர்கள். கணவன் குணபாலன் தள்ளி நின்று பார்த்தான்.

"பால்ல பஞ்சை நனைச்சு வெச்சா குடிக்காதா?"

"பொங்கலும் வெக்கலாமே, முந்திரி போட்டு."

"கிண்டல் பண்ணாத. பாவம் யாருக்கு வரும்?"

"எனக்குத்தான். நான்தானே போடுறேன். உங்களுக்குப் பங்கு கெடையாது, பயப்படாதீங்க."

அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் வெட்டுக்கிளியின் கால் தன் விரலை உதைப்பதை உணர்ந்துதான் போட்டாள்.

பரீட்சைப் பேப்பர் திருத்த வேலூருக்குப் போக வேண்டி வந்தது. குணபாலன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

"கண்ண மூடிக்கிட்டுப் போட்டுடுறேன்."

"கண்ண மூடினா வெட்டுக்கிளி ஓடிடும்."

"அது அதோட அதிர்ஷ்டம்."

அவள் திரும்பி வந்தபோது கூடத்தில் குணபாலனின் அண்ணன் ஆதிராஜ் உட்கார்ந்திருந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம் கொல்லையில் நிலக்கடலை, அவர் பேச்சில் மல்லாட்டை, போடுபவர். ஊர் ஜைனக் கோயிலான ஜினாலயத்தைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். முகம் மலர்ந்திருந்தது.

"வாம்மா குசுமா. உன் புள்ளைங்க ஒண்ணும் பட்டினி கெடக்கல. நானே தீனி கொண்டாந்தேன்."

அலமாரிக்குப் போனாள். முதல் பாட்டிலில் குஞ்சு அடியில் கிடந்தது. கால்கள் உள்ளே மடங்கியிருந்தன. அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததில் ஒன்று மல்லாந்து, ஒரு காலை மட்டும் வெடுக்வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கால் அசைவது நின்றது.

"என்னா போட்டீங்க?" என்று குணபாலனைக் கேட்டாள்.

"வெட்டுக்கிளிதான். நான் போடலாம்னு போனேன். கை வரல. அண்ணன்தான் ஒரு வழி சொன்னாரு."

ஆதிராஜ் எழுந்து வந்தார். "கொன்னாத்தானேம்மா பாவம். தானா செத்ததைக் குடுத்தா? அதுக்கும் பசி தீரும், நமக்கும் தோஷமில்ல. நம்ம மல்லாட்டைக் கொல்லையில காலைல போனா அவ்ளோ கெடக்குது. இலையில பொறுக்கிக் கட்டி எடுத்தாந்தேன். உசுரோட இருந்ததை ஒண்ணுகூடத் தொடல."

"ஏன் அவ்ளோ கெடக்குது மாமா?"

"மருந்து போட்டிருக்குல்ல. இந்த வருஷம் சுருள்பூச்சி ஜாஸ்தி."

மழை பெய்தது என்பதைப் போலச் சொன்னார். குணபாலனுக்குப் புரிந்துவிட்டது. அவன் தரையைப் பார்த்தான். ஆதிராஜ் இன்னும் பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"யார் போட்டா?"

"கூலிக்கு வர்ற வேணுதான். மருந்தடிக்கிற அன்னிக்கு நான் கொல்லைப் பக்கமே போவறதில்ல."

"மருந்து வாங்கினது?"

"நான்தான். ஏம்மா?"

"வேணுவைப் போடச் சொன்னது?"

"என்னாம்மா, போலீஸ் மாதிரி கேக்குற."

அவள் ஒரு பாட்டிலைத் திறந்து குஞ்சு தின்று மிஞ்சிய வெட்டுக்கிளி உடலை இடுக்கியால் எடுத்தாள். தொடையின் முட்களில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இதுதான் தானா செத்ததா?"

அவர் பார்த்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"நான் ஒண்ணு ஒண்ணாப் போட்டேன். எத்தனை போட்டேன்னு எனக்குத் தெரியும். நீங்க ஒரு கொல்லையையே கொன்னிருக்கீங்க. எவ்ளோன்னு உங்களுக்குத் தெரியாது. பொணத்தைப் பொறுக்கியாந்து புண்ணியம்னு குடுத்திருக்கீங்க."

"வெவசாயம் பண்ணாம எப்டிம்மா சாப்பிடுறது?"

"பண்ணுங்க. மருந்து போடாதீங்கன்னு நான் சொல்லல. கொன்னேன்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

"நான் கொல்லலியே," என்றார் ஆதிராஜ்.

பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மீதிப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். மூன்றில் பட்டைக்குப் பின்னால் வலைக்குழாயின் வாய் மூடியிருந்தது. தோல் உரிக்கும் சமயத்தில் அவை தின்பதில்லை. வெட்டுக்கிளிகள் தொடப்படாமல் கீழே கிடந்தன. அவற்றை எடுத்துக் காகிதத்தில் மடித்தாள். இடுக்கியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒரு குஞ்சு ஏற்கெனவே தோல் உரித்திருந்தது. பழைய தோல் வலைக்கு வெளியே தொங்கியது. கோரைப்பல் கறுத்து இறுகிவிட்டது. அதற்கு இன்று பசிக்கும்.

காலி மனைக்குப் போய் ஒரு வெட்டுக்கிளியோடு வந்தாள்.

ஆதிராஜ் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். குரல் தணிந்திருந்தது. "குசுமா, இருக்கிறதைக் கொண்டுபோய் மரத்துல விட்டுடு. இந்த வீட்ல இதுங்க இருக்கிற வரைக்கும் நான் தண்ணி தொடமாட்டேன்."

"இப்பவே விட்டா எறும்பு தின்னுடும் மாமா."

"அது எறும்பு பண்றது."

"ஆமா. மருந்தடிக்கிற அன்னிக்கு மாதிரி அங்கயும் நீங்க இருக்கமாட்டீங்க."

அவர் தம்பியைப் பார்த்தார். "நீ சொல்லுடா."

குணபாலன் கூடத்தின் நடுவில் நின்றான். குசுமாவதி பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். மூடிய கைக்குள் வெட்டுக்கிளி உதைத்தது.

"நேத்து வரைக்கும் நீங்க போடணும்னு நான் கேட்டதில்ல," என்றாள் அவனிடம். "இப்பவும் கேக்கல. மூடியைத் தொறந்து புடிங்க. அது போதும்."

"குணா," என்றார் ஆதிராஜ்.

குணபாலன் மேஜைக்கு வந்தான். மூடியைத் திருகினான். திருகிய வேகத்தில் பாட்டில் நழுவியது. இன்னொரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் விரல்களைத் தளர்த்தினாள். வெட்டுக்கிளி உள்ளே விழுந்து பட்டைமேல் ஏறத் தொடங்கியது.

செருப்புச் சத்தம் வாசலிலிருந்து தெருவில் இறங்கியது.

"மூடட்டுமா?" என்றான் குணபாலன்.

"மூடுங்க. கண்ணை மூடாதீங்க."

அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.