நான்கு கால்களும் இரண்டு துரோகங்களும்

மனித குலத்தின் வீழ்ச்சி, எவனோ ஒருவன் தன் வீட்டை வண்டிக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்த நாளில் தொடங்கியது என்று டெல்மர் ஸ்ட்ரௌட் அறிவித்தார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்ததாம். மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். இருவர் நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.

வடக்கே பனி கொட்டத் தொடங்கியதும் ஓய்வு பெற்றவர்கள் வீட்டோடு அரிசோனா பாலைவனத்துக்கு இறங்கிவிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டெல்மர் புத்தி சொல்வார். பொருள், பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிக் கட்டும் கேம்பர் என்னும் பெட்டி வீட்டின் நன்மை தீமைகள். அவருடைய கேம்பர்மேல் ஒரு கரும்பலகை சாய்ந்திருக்கும். இடப்பக்கம் நன்மைகள், பதினோரு வரி. எந்தக் குண்டுகுழியிலும் போகலாம். எந்தச் சந்திலும் திரும்பலாம். ஒன்பதாவது, தினசரி உடற்பயிற்சி. வலப்பக்கம் 'தீமைகள்' என்ற தலைப்பு மட்டும். அதன் கீழே பதினான்கு வருடமாக ஒன்றுமில்லை.

"நேர்மையா யோசிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் தோணல," என்பார்.

அந்த உடற்பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேம்பருக்குள் ஒருவர் நின்றால் இன்னொருவர் படுத்திருக்க வேண்டும். காலையில் மனைவி வெர்லா நின்று காபி போடுவார். டெல்மர், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே நீண்டிருக்கும் படுக்கையில் மல்லாந்து, இரண்டு காலையும் தூக்கி, கவிழ்ந்த வண்டு மாதிரி உதறி உதறி பேண்டை மாட்டுவார்.

அன்று பதினோராவது நன்மையில் நிற்கும்போது புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஆரின் வந்தார். பதினான்கு குளிர்காலங்களாக அடுத்த இடத்தில் கேம்பர் போட்டவர், மனைவியை இழந்தவர், சனிக்கிழமைதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து "உண்மை, உண்மை" என்று ஒத்து ஊதியவர். அவருடைய பிக்கப்பின் முதுகு காலியாக இருந்தது. பின்னால் முப்பதடி டிரெய்லர்.

"என்னய்யா இது?"

"வீடு."

"இழுத்துக்கிட்டு வந்திருக்க."

"அதுக்குத்தானே கொக்கி." ஆரின் ஒரு பொத்தானை அழுத்தினார். டிரெய்லரின் பக்கச்சுவர் உறுமிக்கொண்டு வெளியே நகர்ந்தது. "சோஃபா இருக்கு. கதவு வச்ச படுக்கையறை இருக்கு. நின்னுகிட்டே பேண்ட் போடலாம், டெல்மர்."

ஒன்பது பேரில் நான்கு பேர் எழுந்து எட்டிப் பார்க்கப் போனார்கள்.

"நின்னுகிட்டு பேண்ட் போட ஒரு ஆம்பளைக்கு முப்பதடி வேணுமா?" என்று மீதி ஐந்து பேரிடம் டெல்மர் கேட்டார். சிரித்தார்கள். டெல்மருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆரின் மதம் மாறியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலை ஆரின் வழக்கம்போல் கேம்பர் ஜன்னலில் இரண்டு தட்டுத் தட்டினார். பதினான்கு வருடமாக அந்தத் தட்டுக்கு ஒரு காபிக் கோப்பை வெளியே நீளும். அன்று நீளவில்லை.

"பாவம், தட்டறாரு," என்றார் வெர்லா.

"தட்டட்டும்."

இரண்டு கோப்பையையும் டெல்மரே குடித்தார். இரண்டாவதைக் குடித்து முடிக்க வெகுநேரமானது.

அன்றிலிருந்து வெர்லா தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் நடக்கப் போனார். கோடையில்தான் அவருக்கு ஆபரேஷன் செய்து இடுப்பு மூட்டை மாற்றியிருந்தார்கள். நடப்பது நல்லது என்று டாக்டரும் சொல்லியிருந்ததால் சந்தேகம் எழவில்லை. இவளாவது என் பக்கம் இருக்கிறாளே என்று டெல்மர் நிம்மதியாக இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை வெர்லா காலையிலேயே நடக்கப் போய்விட்டார். இருபத்தைந்து பேர் கூடினார்கள். சண்டை பார்க்க வந்தவர்கள் பாதி. டெல்மர் வழக்கப்படி முதலில் பாடம் ஒப்பிக்க வைத்தார். கேம்பர் காற்றில் ஆடாமலிருக்க நான்கு மூலையிலும் ஜாக்கிக் கால் ஊன்றியிருக்கும். கிளம்பும்முன் நான்கையும் தூக்கிவிட்டு, வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு காலையும் தொட்டு, உரக்க எண்ண வேண்டும். இருபத்தைந்து பேரும் நான்குவரை எண்ணினார்கள். பிறகு, கேம்பரைப் பார்த்துச் சாய்த்திருந்த பலகையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். வலப்பக்கம் எழுத்து இருந்தது. என்னவென்று யோசிக்காமல் உரக்கவே படித்துவிட்டார்.

"படுக்கை ஆகாயத்தில் இருக்கிறது. ஆபரேஷன் ஆன இடுப்போடு பெஞ்சில் ஏறி, அடுப்பு மேடையில் முழங்கால் ஊன்றித்தான் போக முடியும். ஒரு ரொட்டி வாங்கப் போனாலும் வீடு மொத்தமும் கூட வருகிறது. இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை."

யாரோ கைதட்டினார்கள்.

டெல்மர் நேராக டிரெய்லருக்குப் போனார். ஆரின் வாசலில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"என் பலகையில எழுதினது நீதானே?"

"என் கையெழுத்து எனக்கே புரியாது. உள்ள கேளு."

உள்ளே சோஃபாவில் வெர்லா ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தார்.

"நான்தான்," என்றார்.

"நடக்கப் போறேன்னு சொன்ன."

"நடந்துதான் வந்தேன். நாப்பது தப்படி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வெர்லா."

"போன வருஷம் சொன்னேன். அதுக்கு முந்தின வருஷமும் சொன்னேன், ஏற முடியலன்னு. நீ அதை உடற்பயிற்சின்னு நன்மையில சேத்துட்ட." அவர் குரலை உயர்த்தவில்லை. "அடுத்த குளிருக்கு அந்தப் பெட்டியில நான் ஏறமாட்டேன். நீ தனியா போறதுன்னா போ."

"இப்பவே போறேன்."

இருபத்தைந்து பேர் பார்க்க டெல்மர் ஜாக்கிக் கால்களைத் தூக்கினார். சுற்றி வந்தார். ஆனால் கால்களை எண்ண வேண்டிய நேரத்தில் அவர் துரோகங்களை எண்ணிக்கொண்டிருந்தார். துரோகங்கள் இரண்டு, சரியாக வந்தது. கால்கள் மூன்றுதான் தூக்கியிருந்தன.

வண்டி நகர்ந்தது. நான்காவது கால் சரளையில் உழுது, முழங்கைபோல மடங்கி, மூலைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு நின்றது. கேம்பர் ஒருபக்கமாகச் சாய்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் மெதுவாக, "நாலு," என்றது.

ஆரின் கத்தியோடு வந்து, குனிந்து பார்த்தார்.

"திங்கக்கிழமை ஊர்ல புதுக் கால் கிடைக்குமான்னு பாக்கலாம். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் படுக்கையறையை எடுத்துக்கங்க. நான் சோஃபாவுல படுக்கறேன்."

"எனக்கு வேண்டாம்."

"இதுல படுத்தா உருண்டு வெளிய வந்துருவ, டெல்மர்."

டெல்மர் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு ஆரினுக்குப் பின்னால் நடந்தார்.

மறுநாள் காலை அவர் கண்விழித்தபோது வெர்லா பக்கத்தில் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வலியில் புருவம் சுருங்காத அந்த முகத்தைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. கதவில் இரண்டு தட்டு.

"காபி," என்றார் ஆரின், வெளியிலிருந்து.

"இரு, வர்றேன்."

டெல்மர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். அறையின் நடுவில் போய் நின்றார். பேண்டில் இடது காலை விட்டார், வலது காலை விட்டார். எதுவும் எங்கும் இடிக்கவில்லை. பிறகு, வெளியே சத்தம் கேட்டுவிடாதபடி, ஜிப்பை ஒவ்வொரு பல்லாக மேலே இழுத்தார்.