சிஞ்சவாடியின் இரண்டு கிணறுகள்

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். தவராஜாவின் மடியில் ஒரு முழுக் கிராமமே இருந்தது. அதைச் சுமந்துகொண்டுதான் அவன் பேர்ண் நகரில் வெளிநாட்டார் பொலிஸ் கந்தோரின் மூன்றாம் மாடிக்கு ஏறினான். எண்பத்தேழாம் ஆண்டு, மே மாதம். ஆஸ்பத்திரிக் குசினியில் சட்டி கழுவும் வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். ஒரு விளக்கம் தேவை, வரவும் என்று எழுதியிருந்தார்கள். என்ன விளக்கம் என்று எழுதவில்லை. அந்த ஒரு வரியால் அவனுக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை.

இரண்டு வருசத்துக்கு முந்தி, அகதியாகப் பதிந்த முதல் விசாரணையில் அவன் சொன்ன கதை சின்னது. எங்கள் நாட்டில் கட்டுநாயக்காவில் விமானம் ஏறினேன், நேரே வந்தேன், கலியாணம் ஆகவில்லை. எல்லாம் அறைத்தோழன் குகநாதன் தீத்திவிட்ட பாடம். வழியில் வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் பத்திரமாக இருந்தவன் என்று தெரிந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், மனைவி உண்டு என்றால் எங்கே என்று கேட்பார்கள், ஒன்றை இழுக்க மற்றதும் வரும் என்று குகநாதன் சொல்லியிருந்தான். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பது எங்கள் ஊர்ப் பழமொழி. இங்கே பொய் சொன்ன வாய்க்கு மூன்று நேரமும் உருளைக்கிழங்கு கிடைத்தது. தங்க அனுமதி வந்தபிறகு பம்பாய்க்குப் போய், புதிதாகக் கலியாணம் கட்டியதாகக் காட்டி மனைவியைக் கூட்டிவரலாம் என்பதும் குகநாதனின் திட்டம்தான். பிள்ளையை என்ன சொல்லிக் கூட்டிவருவது என்பதற்கு மட்டும் அவனிடம் பாடம் இருக்கவில்லை.

அந்தப் பொய்யில் காணாமல் போன ஊர்தான் சிஞ்சவாடி. பம்பாயிலிருந்து ஒரு இரவும் அரைப் பகலும் பஸ்ஸில் போகவேண்டும். மராத்தி பேசும் அறுபது வீடு, சுற்றிலும் மொட்டைக் குன்று. மண் கறுப்பு. மழை பெய்தால் காலை விடாது, பெய்யாவிட்டால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். சிஞ்ச் என்றால் புளி. அந்தப் புளியமரங்கள்தான் அங்கே பழைய குடிகள். சனங்கள் ஒருகாலத்தில் ஆற்றங்கரையில் இருந்தவர்கள். அணை கட்டி ஆற்றை மறித்தபோது அவர்களுடைய ஊர் தண்ணீருக்குள் போயிற்று. கதவுநிலைகளைக் கழற்றி, சாமிக்கல்லைப் பெயர்த்து, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு இந்த மேட்டுக்கு வந்தார்கள். அணையின் வாய்க்கால் கீழே போகிறது, ஊர் மேலே கிடக்கிறது. தங்களை மூழ்கடித்த தண்ணீரில் ஒரு வாளிகூட அவர்களுக்குக் கிடையாது. அரசாங்கம் எந்த நாட்டிலும் அரசாங்கம்தான்.

எண்பத்து நாலில் தவராஜாவும் மனைவி சிவமலரும் யாழ்ப்பாணத்திலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து பம்பாய்க்குப் போனார்கள். இரண்டு கிழமை, பதினாலு நாள்தான், பொறுங்கள் என்று வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் தன் டிரைவரின் ஊரான சிஞ்சவாடியில் கொண்டுபோய் இருத்தினான், சோபானராவ் என்ற விவசாயியின் வெல்லம் காய்ச்சும் கொட்டிலில். இரண்டு கிழமை பத்து மாதமாயிற்று. சோபானராவ் முகம் சுளிக்கவில்லை. ஊர் போன சனம்தானே நாங்களும், இருங்கள் என்று சோளரொட்டியும் வெங்காயமும் கொடுத்தார். தவராஜா அவரோடு சோளம் விதைத்தான். எருதுகளின் கொம்புக்கு நிறம் பூசி ஊர்வலம் விடும் பண்டிகையில் கயிறு பிடித்து நடந்தான். கடைசியில் ஏஜென்ட் ஒரேயொரு டிக்கெட்டோடு வந்தான். சிவமலருக்கு அப்போது ஏழு மாதம். அவள்தான் அவனைப் போகச் சொன்னாள்.

அவளுடைய கடிதங்கள் குகநாதனின் பெயருக்கு வரும். பெண்பிள்ளை பிறந்தது, ஜெயமலர் என்று பெயர் வைத்தது, ஊரார் ஜயா என்று கூப்பிடுவது, பிள்ளை மராத்தியிலேயே முதற்சொல் சொன்னது, மூன்றாம் வருசமும் மழை ஏமாற்றியது எல்லாம் அப்படித்தான் தெரியவந்தன. இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை.

அறையில் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர், தட்டச்சுக்கு ஒரு பெண், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் யேசுதாசன். யேசுதாசன் யாழ்ப்பாணத்துக்காரர், படிக்க வந்து தங்கிவிட்டவர். மேசையில் நீலநிற விமானக் கடிதம் ஒன்று கிடந்தது. இந்தியத் தபால், மராத்தி எழுத்து. சிவமலர் தமிழில் எழுதுகிறவள். இது அவள் எழுதாத கடிதம்.

அது இந்தக் கந்தோர் விலாசத்துக்கே வந்திருந்தது. எப்படி என்று கேளாமலே அவனுக்கு விளங்கிவிட்டது. வந்த புதிதில், பத்திரமாக இருக்கிறேன் என்று காட்டத் தன் அகதிப் பத்திரத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து அனுப்பியிருந்தான். அந்தத் தாளின் தலையில் அச்சடித்திருந்த விலாசம்தான் அவன் வீடு என்று சோபானராவ் நினைத்திருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுவித்திருக்கிறார். அந்த நல்ல மனுசனைக் கோபிக்கவும் முடியவில்லை.

அதிகாரி மரியாதையானவர். கடிதத்தில் தவராஜ் என்று மட்டும் இருக்கிறது, எங்கள் கோப்புகளில் அந்தப் பெயரில் நாலு பேர் இருக்கிறார்கள் என்றார். ஜெர்மன் மொழியில் பெயர்ப்பித்து வைத்திருக்கிறோம். யாருடையது என்று கண்டுபிடிக்கத் தொடக்கத்தை மட்டும் வாசிப்போம், மிச்சம் உரியவருக்குத்தான், பிறத்தியார் கடிதத்தை வாசித்துக்காட்டச் சட்டம் இடம்கொடாது என்றார். பிறகு வாசித்தார். யேசுதாசன் தமிழில் சொன்னார். மழை இல்லை. இரண்டு எருதில் ஒன்றை விற்றாயிற்று. மல்லிகைப்பூ விலையில் வைக்கோல் விற்கிறது. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிள்ளை ஜயா கிணற்றுக்குள் விழுந்துவிட்டாள்.

அதிகாரி தாளைக் கவிழ்த்து வைத்தார். இந்த ஆட்களை உங்களுக்குத் தெரியுமா என்று யேசுதாசன் கேட்டார்.

தெரியாது என்ற சொல் தவராஜாவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இரண்டு வருசம் அந்தச் சொல்லில்தான் சீவித்தான். இன்னொருதரம் சொன்னால் போதும், அனுமதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் சொன்னால் அந்தத் தாள் கோப்புக்குள் போய்விடும். தந்தி அடித்தாலும் சிஞ்சவாடிக்குத் தபால்காரன் கிழமைக்கு ஒருக்கால்தான் சைக்கிளில் வருவான். அதுவரை பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் சட்டி கழுவவேண்டும். அவன் வாயைத் திறந்தான், வேறொன்று வந்தது.

"எந்தக் கிணறு?"

சிஞ்சவாடியில் கிணறு இரண்டு. ஒன்று புளியமரத்தடிப் படிக்கிணறு. அகலம், ஆழம் குறைவு, பெண்கள் படியிறங்கி மொண்டு வருவார்கள். மற்றது எழுபத்திரண்டாம் ஆண்டுப் பஞ்சத்தில், ஊரே கூலிக்கு நின்று கல்லுடைத்து வெட்டியது. கைப்பிடிச்சுவர் இல்லை, அறுபது அடி, எந்தக் கோடையிலும் தண்ணீர் நிற்கும். அதில் விழுந்தவர்களை ஊரார் கொக்கி போட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள்.

யேசுதாசன் அதை மொழிபெயர்க்கவில்லை. தன்னுடைய கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "தம்பி, நீர் இப்ப கேட்டது எனக்குக் கேக்கேல்லை. யோசிச்சுச் சொல்லும்" என்றார், தாழ்ந்த குரலில்.

பெரிய உதவி அது. வேலையையே பணயம் வைத்துச் செய்த உதவி. தவராஜாவுக்கு அது விளங்கியது. 

"இல்லை அண்ணை, சொல்லுங்கோ. அது என்ரை பிள்ளை. எந்தக் கிணறு எண்டு கேளுங்கோ."

யேசுதாசன் அதிகாரியின் பக்கம் திரும்பினார். பிறகு ஜெர்மனில் சொன்னார். தட்டச்சு சடசடத்தது. அதிகாரி தாளைத் திருப்பினார்.

படிக்கிணறு. வறட்சியில் வற்றிப் பதினைந்து நாளாகிறது. பிள்ளை படியில் உருண்டு அடியில் சேற்றில் கிடந்தாள். தொடையெலும்பு முறிந்தது, தலையில் ஏழு தையல், உயிர் இருக்கிறது. ஊரையே பட்டினி போட்ட வறட்சி அவன் பிள்ளையை விட்டுவைத்திருந்தது. தவராஜா மேசையில் நெற்றியை வைத்து வாய்விட்டு அழுதான். அதிகாரி அவன் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கடிதத்தைத் தொடர்ந்தார். காலில் சீழ் வைக்கிறது. பூனாவுக்குக் கொண்டுபோனால் ஒருவேளை காலைக் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் வெட்டவேண்டும் என்று தாலுகா டாக்டர் சொல்கிறார். உன் மனைவி ஆஸ்பத்திரியை விட்டு அசைவதில்லை, சாப்பிடுவதுமில்லை. தகப்பன் நீ, என்ன செய்வதென்று உடனே எழுது.

கடிதத்தின் தேதியைக் கேட்டான். ஐந்து கிழமைக்கு முந்தியது. மராத்தி தெரிந்தவரைத் தேடிப்பிடிக்க நாளாகிவிட்டது, வருந்துகிறோம் என்றார் அதிகாரி. பொய்யில்லை, அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அதே முகத்தோடு புதிய படிவம் ஒன்றை எடுத்தார். இதுவரை சொன்ன வாக்குமூலம் செல்லாது என்பதால் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார். மனைவியின் பெயர், பிள்ளையின் பெயர், இந்தியாவில் இருந்த காலம், ஊர், மாவட்டம். தவராஜா ஒவ்வொன்றாகச் சொன்னான். சிஞ்சவாடியை எப்படி எழுதுவது என்று தட்டச்சுப் பெண் இரண்டுதரம் கேட்டாள். எழுதி முடித்ததும் தன்னை எங்கே அனுப்புவார்கள் என்று அவனுக்குத் தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. ஐந்து கிழமையில் ஒரு பிள்ளையின் கால் என்னவாகும் என்பதைத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

படிவத்தில் கடைசிக் கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. யேசுதாசன் அதைத் தமிழில் சொன்னார். பிள்ளையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

"நான் அவளை இன்னும் பாக்கேல்லை" என்றான் தவராஜா.