டென்வர் மாநாட்டு அறிக்கை

காரெட் ஆறரைக்கு எழுந்து காபி போட்டான். பூனைக்குச் சோறு வைத்தான். டென்வரில் நிரலாளர் மாநாட்டில் கொடுத்த பனியனை மாட்டிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தான். மனைவி கொரீன் இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

திரையில் மேலாளர் டெனிஸ் வந்தாள். "ஓசிப் பனியன் மட்டும் போட்டாச்சு, அறிக்கை எங்கப்பா? கோவிச்சுக்காத, நீ ஒருத்தன்தான் பாக்கி. அது வந்தாத்தான் அடுத்த வருஷம் ஆள் அனுப்புவாங்களாம்."

படிவத்தில் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. வீட்டிலிருந்தே கற்க முடியாத எதை அங்கே கற்றீர்கள்?

நிரல்களைச் சோதிப்பது பற்றிய உரைக்காக அவன் கைபேசியை நாற்பது நிமிடம் அணைத்து வைத்திருந்தான். அந்த நாற்பது நிமிடத்தில்தான் புற்றுநோய் முற்றிய கொரீன், போர்ட்லாண்ட் மருத்துவமனையில் தனியாகச் செத்துப்போனாள். உரை மறுநாளே இணையத்தில் இலவசமாக வந்தது. இதுவரை அறுபத்திரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.

"பல நல்ல அறிமுகங்கள் கிடைத்தன" என்று எழுதி அனுப்பினான்.

இறுதிச் சடங்கிலும் அப்படித்தான். "சந்தோஷமா போயிட்டு வான்னு அனுப்பி வச்சா" என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தான். உண்மையில், பயணப் பெட்டியோடு மருத்துவமனைக்கு விடைபெற வந்தவனிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அங்க பேசுறதையெல்லாம் அப்புறம் வீடியோவா போட்டுடுவாங்கல்ல?"